மெல்லிய காந்தப் படலங்கள்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழிமுறை

கோபால்ட், பெர்மல்லாய் (நிக்கல்-இரும்புக் கலவை), இரும்பு-பிளாட்டினம், இரும்பு-கேலியம் என எதுவாக இருந்தாலும், ஸ்பட்டரிங்கில் (டார்கெட் எனும் உலோகத் தட்டை ஆர்கான் அயனிகளால் மோதி, பெயரும் அணுக்களைப் படியவைக்கும் முறை) படிந்த படலம் எதிர்பார்த்தபடி நடக்காதபோது தேடும் வரிசை ஒன்றுதான்: முதலில் அளவீடு, அடுத்து தடிமன், கடைசியில் படிவிப்பு. பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. தயக்க வளையம் (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாதல் வரையும் மூடிய வளைகோடு) கோணலாக வந்ததும் வெற்றிடச் சேம்பரைத் திறந்து புதுப் படலம் போடத் தொடங்கிவிடுகிறார்கள். சேம்பரைத் திறந்தால் சுவரில் ஒட்டிய ஈரம் போக ஒரு நாளாவது ஆகும். மாதிரியைத் துடைத்து மறுபடி அளக்க அரை மணி நேரம் போதும். அதனால்தான் அளவீட்டுக் கோளாறுகள் இங்கே முதலில் வருகின்றன.

அறிகுறி 1: தயக்க வளையத்தின் இரு முனைகளும் சரிந்து தொங்குகின்றன

இது படலத்தின் குற்றமில்லை. சிலிக்கான் ஒரு டயா காந்தப் பொருள். புலம் கூடக் கூட எதிர்த்திசையில் அதன் பங்கும் கூடும். எவ்வளவு என்று கணக்குப் போட்டால் பலருக்கு வியப்பாக இருக்கும். 5 மி.மீ. × 5 மி.மீ. பரப்பும் 0.5 மி.மீ. தடிமனும் கொண்ட சிலிக்கான் துண்டு, 1 டெஸ்லா புலத்தில் ஏறக்குறைய 3.4 × 10⁻⁵ இஎம்யு (காந்தத் திருப்புத்திறனின் அலகு) திருப்புத்திறனைக் காட்டும். அதன்மேல் உள்ள 1 நானோமீட்டர் கோபால்ட் படலத்தின் மொத்தத் திருப்புத்திறனும் கிட்டத்தட்ட அதே 3.5 × 10⁻⁵ இஎம்யுதான். அதாவது நீங்கள் தேடும் சைகையும் கழிக்க வேண்டிய பின்னணியும் சம அளவு.

உயர்புலப் பகுதியில் நேர்க்கோடு பொருத்திக் கழிப்பது வழக்கம். தவறு நடக்கும் இடமும் அதுதான். தடித்த கோபால்ட் படலத்தைச் செங்குத்தாக அளந்தால் அது தெவிட்ட (காந்தமாதல் உச்சம் தொட) 1.8 டெஸ்லா அருகே வேண்டும். 1 முதல் 2 டெஸ்லா வரை கோடு பொருத்தினால், இன்னும் தெவிட்டாத படலத்தின் பங்கையும் சேர்த்துக் கழித்துவிடுவீர்கள். தெவிட்டிய காந்தமாதலின் மதிப்பே தப்பாகும். அதே வேஃபரிலிருந்து (சிலிக்கான் வட்டத் தகடு) வெட்டிய, படலம் போடாத துண்டு ஒன்றைத் தனியாக அளந்து அந்தச் சாய்வையே பயன்படுத்துங்கள். எடை விகிதத்தால் திருத்தினால் துண்டின் அளவு மாறினாலும் கவலையில்லை.

அறிகுறி 2: வளையம் நடுவில் இடுங்குகிறது, அல்லது பூச்சியப் புலத்தில் ஒரு படி தெரிகிறது

இரண்டு காந்தப் பகுதிகள், ஒன்று மென்மை, ஒன்று கடினம் என்று உடனே முடிவு கட்டவேண்டாம். இரும்புத் தூசியை முதலில் சந்தேகியுங்கள். 1 மைக்ரோகிராம் இரும்பு என்பது 50 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள ஒரு துகள். தலைமுடியைவிட மெல்லியது, கண்ணில் படாது. அதன் தெவிட்டிய திருப்புத்திறனோ 2.2 × 10⁻⁴ இஎம்யு. மேலே சொன்ன கோபால்ட் படலத்தைப்போல் ஆறு மடங்கு.

சோதிக்கும் வழி:

1. எஃகு இடுக்கியை மேசையிலிருந்தே அகற்றுங்கள். பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் இடுக்கி மட்டும்.
2. வெட்டிய நான்கு ஓரங்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து மீண்டும் அளங்கள்.
3. மாதிரி இல்லாமல், ஆனால் அதே ஒட்டு நாடாவுடன், வெறும் தாங்கியை அளங்கள். பலமுறை பயன்படுத்திய நாடாவும் தாங்கியின் கீறல்களும் தூசிக் கிடங்கு.
4. படலம் போடாத துண்டை அதே இடுக்கி, அதே வெட்டுமுறையில் கையாண்டு அளங்கள். அதிலும் படி வந்தால் விடை கிடைத்துவிட்டது.

நான்கும் சுத்தமாக இருந்தும் படி போகவில்லையா? துண்டின் பக்கச் சுவரில் படிந்த படலத்தைப் பாருங்கள். முன்கூட்டியே வெட்டிய துண்டுகள்மேல் படியவைத்தால் ஓரச் சுவரிலும் உலோகம் ஏறும். அதற்குப் புலம் வேறு கோணத்தில் படுகிறது. படியவைத்த பிறகு ஓரத்தை அரை மில்லிமீட்டர் வெட்டி எறிந்தால் இது தீரும்.

அறிகுறி 3: வளையம் இடமோ வலமோ நகர்ந்திருக்கிறது

மாதிரியை அதன் தளத்திலேயே 180° திருப்பி வைத்து அளங்கள். நகர்வு திசை மாறினால் அது படலத்துக்குள் இருக்கிறது. திசை மாறாமல் நின்றால் கருவியின் புலப் பிழை. மீக்கடத்திக் காந்தம் உள்ள கருவிகளில், உயர் புலத்துக்குப் போய்வந்த பின் சுருளில் சில மில்லிடெஸ்லா சிக்கிக்கொண்டிருக்கும். அதனால் வளையம் தலைகீழாகக்கூடத் தெரியும். பல்லேடியம் நியமத்தை (மதிப்பு தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) அளந்தால் இது அம்பலமாகும், ஏனென்றால் பாரா காந்தமான பல்லேடியத்தில் தயக்கமே வரக்கூடாது. நல்ல பெர்மல்லாயின் காந்த நீக்குத்திறன் (காந்தமாதலைப் பூச்சியமாக்கத் தேவையான எதிர்ப்புலம்) 0.1 அல்லது 0.2 மில்லிடெஸ்லாதான், அதை மீக்கடத்திக் காந்தத்தில் அளப்பது, மூட்டை எடைபோடும் தராசில் குண்டுமணி நிறுப்பதைப்போல.

நகர்வு படலத்தினுடையது என்றால், எந்த வெப்பநிலையில் வருகிறது என்று பாருங்கள். அறை வெப்பநிலையில் இல்லாமல், புலத்தில் வைத்துக் குளிரவைத்ததும் தோன்றினால் கோபால்ட் ஆக்ஸிஜனேற்றம் அடைந்திருக்கிறது. கோபால்ட் ஆக்ஸைடின் நீல் வெப்பநிலை (அதன் எதிர் அயக்காந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலை) ஏறக்குறைய 290 கெல்வின். அதற்குக் கீழேதான் அது பக்கத்திலுள்ள கோபால்ட்டைப் பிடித்து இழுக்கும். 1956-இல் மெய்க்கல்ஜானும் பீனும் ஆக்ஸைடு போர்த்திய கோபால்ட் துகள்களில் கண்டது இதைத்தான். மேல்மூடி அடுக்கு போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

அறிகுறி 4: பிளாஸ்மா பற்றவில்லை, அல்லது பற்றி உடனே அணைகிறது

தாமிர டார்கெட்டில் ஒழுங்காக வேலை செய்யும் அதே கன் (டார்கெட்டும் அதன் பின்னுள்ள மேக்னட்ரான் காந்தமும் சேர்ந்த ஸ்பட்டரிங் தலை), இரும்பிலோ கோபால்ட்டிலோ முரண்டு பிடிக்கும். மேக்னட்ரான் காந்தத்தின் புலம் டார்கெட்டின் உள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது. எலெக்ட்ரான்களைப் பிடித்துவைக்க மேற்பரப்பில் மிச்சப் புலம் இல்லை. வளையமாகச் சுடர்விட வேண்டிய பிளாஸ்மா பரவலாக, மங்கலாகத் தெரிவதும், மின்னழுத்தம் எகிறி மின்னோட்டம் ஏறாமல் இருப்பதும் இதன் அடையாளம்.

இரும்புக்கும் கோபால்ட்டுக்கும் 1 முதல் 2 மி.மீ. தடிமனுள்ள டார்கெட் போடுங்கள். நிக்கல் சார்ந்தவற்றுக்கு 3 மி.மீ. வரை தாங்கும். ஆர்கானை 20–30 மில்லிடாருக்கு (டார் என்பது வாயு அழுத்த அலகு) ஏற்றிப் பற்றவைத்து, சில நொடிகளில் படிப்படியாக 3 மில்லிடாருக்கு இறக்குங்கள். அப்போதும் பிடிவாதம் பிடித்தால் பக்கத்து டாண்டலம் கன்னை முதலில் பற்றவைத்தால் அதன் மின்துகள்கள் இதற்கும் தீ வைக்கும். டார்கெட்டை மாட்டும்போது விரல்கள் பத்திரம். கடைசி ஒரு சென்டிமீட்டரில் காந்தம் அதைப் பிடுங்கி இழுக்கும்.

பற்றவே இல்லாமல் மின்வழங்கி ஷார்ட் காட்டினால் காரணம் வேறு. காந்த உலோகத்தின் செதில்கள் காந்தத்தால் ஈர்க்கப்பட்டு, டார்கெட்டுக்கும் தரைக் கவசத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில் மயிர்போலச் சிலிர்த்து நின்று இரண்டையும் இணைத்துவிடும். துடைத்தெடுத்து, மல்டிமீட்டரில் இணைப்பு அறுந்ததா என்று பாருங்கள்.

இன்னொன்றும் மறந்துவிடக்கூடாது. டார்கெட்டில் பள்ளம் ஆழமாக ஆழமாக வெளிக்கசியும் புலம் கூடும். அதே திறனில் படிவு வேகம் மாறும். புது டார்கெட்டில் எடுத்த வேக அளவை வைத்து, பாதி தேய்ந்த டார்கெட்டில் 1 நானோமீட்டர் போட்டால் அது 1 நானோமீட்டராக இருக்காது.

அறிகுறி 5: திருப்புத்திறன் குறைவாக வருகிறது

எதிரில் வைத்து ஒப்பிட அறை வெப்பநிலை மதிப்புகள்: இரும்பு ஏறக்குறைய 1710, கோபால்ட் 1400, பெர்மல்லாய் 800, நிக்கல் 485 கிலோஆம்பியர்/மீட்டர். இவற்றைவிடக் குறைந்தால் ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு காரணம் தேடுவது வீண். குறைந்தது ஐந்து தடிமன்கள் போடுங்கள், எடுத்துக்காட்டாக 1, 2, 4, 8, 16 நானோமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கான திருப்புத்திறனைத் தடிமனுக்கு எதிராக வரையுங்கள். கோட்டின் சாய்வு உண்மையான காந்தமாதலைச் சொல்லும். கோடு தடிமன் அச்சை வெட்டும் இடம் செத்த அடுக்கின் (காந்தத்தன்மை இழந்த பகுதி) தடிமன்.

சாய்வு சரி, வெட்டும் இடம் பூச்சியமில்லை என்றால் கோளாறு எல்லைப் பரப்பில். டாண்டலத்தின்மேல் கோபால்ட்-இரும்பு-போரான் போட்டால் அரை நானோமீட்டர் அளவு செத்துப்போவது சகஜம். அடி அடுக்கை மாற்றிப் பாருங்கள், மேல்மூடியை 3 நானோமீட்டர் டாண்டலமாகவோ பிளாட்டினமாகவோ வையுங்கள். பிளாட்டினத்தில் ஒரு சூட்சுமம் உண்டு: கோபால்ட்டை ஒட்டிய பிளாட்டினம் தானும் கொஞ்சம் காந்தமாகிவிடுவதால் மதிப்பு எதிர்பார்ப்பைவிடச் சற்றுக் கூடத் தெரியும். அது பிழையல்ல.

சாய்வே குறைவு என்றால் இரண்டு வாய்ப்புகள். ஒன்று தடிமன், பரப்பு ஆகியவற்றின் அளவீட்டுப் பிழை: 20–40 நானோமீட்டர் படலத்தில் எக்ஸ் கதிர் எதிரொளிப்பு அளந்து படிவு வேகத்தைத் திருத்துங்கள், 5 மி.மீ. பக்கத்தில் 0.1 மி.மீ. பிசகினாலே இரு பக்கத்துக்கும் சேர்த்துப் பரப்பில் 4 சதவீதம் போய்விடும். கிளிப் மறைத்த மூலையையும் கழிக்க வேண்டும். மற்றொன்று, படலம் முழுக்க ஆக்ஸிஜன் கலந்திருப்பது.

இரண்டாவதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 10⁻⁶ டார் அழுத்தத்தில் எஞ்சிய வாயு, பட்டதெல்லாம் ஒட்டினால், நொடிக்கு ஓர் அணு அடுக்கு போர்த்தும். கோபால்ட்டின் ஓர் அடுக்கு 0.2 நானோமீட்டர். நொடிக்கு 0.05 நானோமீட்டர் வேகத்தில் அது படிய 4 நொடி. ஆக 10⁻⁶ டாரில் ஒரு கோபால்ட் அடுக்குக்கு நான்கு வாயு அடுக்குகள் வந்து மோதுகின்றன. 5 × 10⁻⁸ டாரிலும் 0.2 அடுக்கு. எல்லாம் ஒட்டாது என்றாலும், 10⁻⁷ டாருக்குக் கீழே போகாமல் மெதுவாகப் படியவைத்தால் என்ன நடக்கும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. படிவு வேகத்தைக் கூட்டுங்கள். ஷட்டரை மூடிவைத்துப் பத்து நிமிடம் டைட்டானியம் ஸ்பட்டர் செய்தால் அது சுவரில் படிந்து எஞ்சிய வாயுவை உறிஞ்சும்.

ஆர்கானையும் கணக்கில் சேருங்கள். 99.999 சதவீதத் தூய்மை என்றால் மாசு பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு. 3 மில்லிடார் ஆர்கானில் அது 3 × 10⁻⁸ டார். வாயு இணைப்பில் சுத்திகரிப்பான் இல்லாமல் சேம்பரை மட்டும் 10⁻⁹ டாருக்கு இறக்கி மெனக்கெடுவதில் பயனில்லை.

அறிகுறி 6: செங்குத்துக் காந்தமாதல் வரவில்லை

கோபால்ட்-பிளாட்டினம் பல்லடுக்கிலும் கோபால்ட்-இரும்பு-போரான்/மெக்னீசியம் ஆக்ஸைடிலும் செங்குத்து அனைசோட்ராபி (காந்தமாதல் ஒரு திசையை விரும்பும் தன்மை) எல்லைப் பரப்பிலிருந்து வருகிறது. அதை எதிர்ப்பது படலத்தின் காந்த நீக்கும் புலம். எல்லைப் பரப்பின் பங்கு ஒரு சதுர மீட்டருக்கு 1.3 மில்லிஜூல், காந்தமாதல் 1200 கிலோஆம்பியர்/மீட்டர் என்று கொண்டால், எதிர்ப்பு கன மீட்டருக்கு 9 × 10⁵ ஜூல். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.4 நானோமீட்டர். காந்த அடுக்கு அதைவிடத் தடித்தால் காந்தமாதல் படலத்தின் தளத்துக்குள் படுத்துவிடும். எனவே முதலில் தடிமன்: கோபால்ட்-இரும்பு-போரானை 0.8 முதல் 1.6 வரை 0.1 நானோமீட்டர் இடைவெளியில், அல்லது ஷட்டரை மெல்ல நகர்த்தி ஆப்பு வடிவில் போட்டு, கெர் விளைவுக் கருவியில் (எதிரொளித்த ஒளியின் முனைவாக்க மாற்றத்தால் காந்தமாதலை அறிவது) வரிசையாக அளங்கள். எந்தத் தடிமனிலும் செங்குத்து வரவில்லை என்றால்தான் அடுத்த படி.

அடுத்தது அடி அடுக்கு. கோபால்ட்-பிளாட்டினத்துக்கு (111) முகம் மேல்நோக்கி வளர்ந்திருக்க வேண்டும். 3 நானோமீட்டர் டாண்டலம், அதன்மேல் 5 நானோமீட்டர் பிளாட்டினம் என்பது நம்பகமான தொடக்கம். டாண்டலத்தைத் தவிர்த்து நேராக ஆக்ஸைடின்மேல் பிளாட்டினம் போட்டால் ஒழுங்கும் கெடும், ஒட்டுதலும் கெடும். ஆக்ஸைடு அமைப்புக்கோ, படியவைத்த நிலையில் வராத செங்குத்துத்தன்மை 250–300 °செ. அனீலில் (சூடாக்கிப் பதப்படுத்துவது) வரும், போரான் வெளியேறி எல்லைப் பரப்பு ஒழுங்காவதே காரணம். 400 °செ.க்குப் போனால் டாண்டலம் ஊடுருவி அதைக் கெடுத்துவிடும். அந்த வெப்பத்தைத் தாங்க வேண்டுமென்றால் டாண்டலத்துக்குப் பதில் டங்ஸ்டன் அல்லது மாலிப்டினம்.

ஒரு பொய்யான எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். இருபது முறைக்கு மேல் அடுக்கிய பல்லடுக்கில் வளையம் சாய்ந்து, பூச்சியப் புலத்தில் எச்சக் காந்தம் மிகக் குறைவாக வந்தால் அனைசோட்ராபி போய்விட்டது என்று பொருளல்ல. மொத்தத் தடிமன் கூடியதால் படலம் மேலும் கீழுமாக வரிவரியான டொமைன்களாக (காந்தமாதல் ஒரே திசையில் உள்ள பகுதிகள்) பிரிந்திருக்கிறது. தளத்துக்குள் புலம் கொடுத்து அளந்து, அங்கே தெவிட்டுவது இன்னும் கடினம் என்றால் அனைசோட்ராபி பத்திரமாக இருக்கிறது.

அறிகுறி 7: இரும்பு-பிளாட்டினம் கடினமாகவில்லை

வெப்ப உதவியுடன் எழுதும் வட்டுகளின் ஊடகம் இது. அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்கமைந்த எல்1₀ நிலையில் மட்டுமே கடினம். அறை வெப்பநிலையில் படியவைத்தால் ஒழுங்கற்ற, மென்மையான நிலைதான் கிடைக்கும்.

தாமிரக் கே-ஆல்ஃபா எக்ஸ் கதிரில் 24° அருகே (001) உச்சியைத் தேடுங்கள். அது ஒழுங்கு வந்ததற்கான கையெழுத்து. 41° அருகே (111), 47° அருகே (200) மட்டும் தெரிந்தால் இரண்டு வாய்ப்புகள்: ஒழுங்கே வரவில்லை, அல்லது ஒழுங்கு வந்தும் படிகத் தானியங்கள் தப்பான திசையில் நிற்கின்றன. (111) ஓங்கி நின்றால், மெக்னீசியம் ஆக்ஸைடின் (001) முகத்தின்மேல் வளருங்கள்.

உச்சி இல்லையென்றால் வெப்பநிலையைச் சந்தேகியுங்கள். ஹீட்டரின் தெர்மோகப்பிள் 600 °செ. காட்டுவதால் துண்டு 600-இல் இருக்கிறது என்றில்லை. தொடர்பு சரியில்லாத துண்டு 100 டிகிரி பின்தங்கும். தெர்மோகப்பிளை ஒரு துண்டின் மேற்பரப்பிலேயே ஒட்டி ஒருமுறை அளந்து திருத்த அட்டவணை போட்டுவையுங்கள். கலவையும் பாருங்கள்: சம விகிதத்திலிருந்து விலக விலக ஒழுங்கு குறையும். சிலிக்கானின்மேல் நேராகப் போட்டிருந்தால் சூட்டில் சிலிசைடு உருவாகிப் படலமே அழிந்திருக்கும். நடுவில் நூறு நானோமீட்டராவது வெப்ப ஆக்ஸைடு வேண்டும்.

உச்சி இருந்தும் நீக்குத்திறன் குறைவாகத் தெரிகிறதா? காந்தத்தின் உச்சப் புலத்தைப் பாருங்கள். நன்கு ஒழுங்கான இரும்பு-பிளாட்டினத்தின் அனைசோட்ராபிப் புலம் 10 டெஸ்லாவுக்கு மேல். 2 டெஸ்லா மின்காந்தத்தில் அளந்தது அரைகுறை வளையம்; 7 டெஸ்லாவுக்குப் போனால்தான் உண்மை தெரியும்.

அறிகுறி 8: படலம் உரிகிறது

புழுப்போல நெளிந்த கொப்புளங்கள் என்றால் அழுத்தத் தகைவு. ஆர்கான் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். வறண்ட ஏரிபோல வெடிப்புகள் என்றால் இழுவைத் தகைவு, குறையுங்கள். இரண்டிலும் 5 நானோமீட்டர் டைட்டானியம், குரோமியம் அல்லது டாண்டலம் ஒட்டடுக்கு உதவும். வளைவு ஆரத்திலிருந்து தகைவைக் கணக்கிடலாம்: 0.5 மி.மீ. சிலிக்கானில் 1 மைக்ரோமீட்டர் படலம் போட்டபின் ஆரம் 20 மீட்டர் என்றால் தகைவு ஏறக்குறைய 375 மெகாபாஸ்கல். படியவைக்கும் முன்பே வேஃபரின் வளைவை அளந்து வைத்திருந்தால்தான் இந்த எண்ணுக்கு மதிப்பு.

அறிகுறி 9: புலம் கொடுத்தும் கான்டிலீவர் (ஒரு முனையில் மட்டும் பிடித்த மெல்லிய பட்டை) வளையவில்லை

முதலில், எவ்வளவு வளைய வேண்டும் என்று கணக்குப் பார்த்தீர்களா? 100 மைக்ரோமீட்டர் சிலிக்கான், 10 மி.மீ. நீளம், 1 மைக்ரோமீட்டர் இரும்பு-கேலியம், பத்து இலட்சத்தில் நூறு பங்கு காந்த நீட்சி (புலத்தில் பொருள் நீள்வது): முனை நகர்வது சுமார் 3 மைக்ரோமீட்டர். லேசர் ஒளியை முனையில் எதிரொளிக்கவிட்டால் 1 மீட்டர் தொலைவில் புள்ளி 1.2 மி.மீ. நகரும். அதையே சாதாரண 0.5 மி.மீ. வேஃபரில் வெட்டினால் நகர்வு 25 மடங்கு குறையும். அங்கே படலம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அடித்தளம் விடமாட்டேன் என்கிறது.

கணக்குப்படி தெரிய வேண்டியது தெரியவில்லை என்றால் தொடக்க நிலையைப் பாருங்கள். படலத்தின் எளிய அச்சு (காந்தமாதல் தானாக நிற்க விரும்பும் திசை) ஏற்கெனவே நீளவாக்கில் இருந்தால், அதே திசையில் புலம் கொடுக்கும்போது டொமைன்கள் 180° புரளும், நீளம் மாறாது. கன்னின் கசிவுப் புலமே படிவின்போது இப்படி ஓர் அச்சை உண்டாக்கிவிடும். புலத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கொடுத்து, இரண்டின் வித்தியாசத்தை எடுங்கள். அச்சை அகலவாக்கில் திருப்ப 300 °செ. அருகே குறுக்குப் புலத்தில் அரை மணி நேரம் அனீல் செய்யலாம்.

எஞ்சிய தகைவும் தடுக்கும். 200 மெகாபாஸ்கல் ஒருதிசைத் தகைவு, மேலே சொன்ன நீட்சி உள்ள படலத்தில் 45 மில்லிடெஸ்லா அளவு கூடுதல் புலம் கேட்கும். சுருள் 20 மில்லிடெஸ்லாதான் தருகிறது என்றால் பாதிகூடத் திரும்பாது.

வளைகிறது, ஆனால் நிமிடக்கணக்கில் மெல்ல நகர்கிறது என்றால் அது சுருளின் சூடு. இரும்பு-கேலியமும் சிலிக்கானும் வெவ்வேறு அளவில் விரிவதால் ஒரு டிகிரி ஏறினாலே நீங்கள் அளக்கும் நீட்சியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவு வளைவு வந்துவிடும். காந்த நீட்சி புலத்துடன் உடனே வரும், உடனே போகும். சில ஹெர்ட்ஸ் மாறுபுலம் கொடுத்து லாக்-இன் பெருக்கியில் (குறித்த அதிர்வெண் சைகையை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) இரட்டை அதிர்வெண்ணில் அளந்தால் மெல்ல நகரும் சூட்டுவளைவு விலகிவிடும். நீட்சிக்குப் புலத்தின் குறி முக்கியமில்லை என்பதால் அது இரட்டை அதிர்வெண்ணில்தான் வரும்.

நிக்கல்-மாங்கனீசு-கேலியம் படலத்தில் இவையெல்லாம் சரியாக இருந்தும் அசைவில்லை என்றால், அது இன்னும் அடித்தளத்தோடு ஒட்டியே இருக்கிறது. ஒற்றைப் படிகத்தில் 6 சதவீதம் நீளும் பொருளானாலும், ஒட்டியிருக்கும்வரை அதன் இரட்டை எல்லைகள் (வெவ்வேறு திசையில் நிற்கும் படிகப் பகுதிகள் சந்திக்கும் எல்லைகள்) நகர இடமில்லை. குரோமியத் தியாக அடுக்கின்மேல் வளர்த்து, அதைக் கரைத்து விடுவித்த பிறகே புலத்தில் சோதியுங்கள்.